எய்தவன் இருக்கான்னு அம்பு தப்பிக்க முடியுமா? தப்பான ஆர்டர் வந்தா என்ன பண்றது

போன மாசம் எங்க தெருப் பையன் ஒருத்தன் போலீஸ் டிரெயினிங் முடிச்சிட்டு லீவுல வந்திருந்தான். வாசல்ல உக்காந்து பேசிட்டு இருக்கும்போது கேட்டான், "மாமா, மேல இருந்து சொல்றாங்க, நாங்க செய்றோம், பின்னாடி ஏதாவது பிரச்சனைன்னா சொன்னவர்தானே பதில் சொல்லணும், நான் எதுக்கு மாட்டணும்?" எய்தவன் இருக்க அம்பை நோவானேன்னு சின்ன வயசுல இருந்து கேட்டு வளந்தவங்க நாம, அதனால அவன் அப்படிக் கேட்டதுல ஆச்சரியம் இல்ல. ஆனா அம்புக்கு கண்ணு கிடையாது, யார் மேல போய் பாயப் போறோம்னு அதுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியும். சட்டம் கேக்குறதும் அதைத்தான், உனக்குத் தெரியுமா தெரியாதான்னு. அன்னைக்கு அவன்கிட்ட அரைகுறையா சொன்னதை முழுசா எழுதிடலாம்னு உக்காந்தேன், போலீஸ்ல இருக்கிறவங்க, மிலிட்டரில இருக்கிறவங்க, என்னை மாதிரி அரசு ஆபீஸ்ல ஃபைல் தள்ளினவங்க எல்லாருக்கும் உதவும்னு நினைக்கிறேன்.

முதல்ல ஒழுங்கா கீழ்ப்படிங்க

இதை முதல்ல சொல்றதுக்குக் காரணம் இருக்கு. தீ பிடிச்ச கட்டடத்துல ஃபயர் சர்வீஸ் ஆபீசர் "வெளிய வா"ன்னா வெளிய வரணும், அங்க நின்னு ஏன் எதுக்குன்னு பேசினா கூட இருக்கிறவனும் சாவான். பட்டாளத்துல ஒருத்தன் சொன்ன இடத்துல சொன்ன நேரத்துல இருப்பான்னு நம்பித்தான் இன்னொருத்தன் உயிரைப் பணயம் வைக்கிறான். தீபாவளி அன்னைக்கு பந்தோபஸ்து டூட்டி போட்டாங்க, பிடிக்காத ஊருக்கு டிரான்ஸ்ஃபர் போட்டாங்க, நம்ம யோசனையை விட மட்டமான ஒரு யோசனையைச் செய்யச் சொல்றாங்க, இதெல்லாம் மறுக்க வேண்டிய விஷயமே கிடையாது. ஒரு தடவை "சார், இதுல இந்த சிக்கல் வரும்"னு மரியாதையா சொல்லுங்க, அவர் கேக்கலன்னா போய் செய்ங்க. எல்லாத்துக்கும் முறுக்கிக்கிட்டு நிக்கிற ஆளோட பேச்சு, நிஜமாவே நிக்க வேண்டிய நாள்ல எடுபடாது. இருபது வருஷம் சொன்ன வேலையை சுத்தமா செஞ்சவர் ஒருநாள் "இது முடியாது சார்"னு சொன்னா அந்த ரூமே ஒரு நிமிஷம் யோசிக்கும்.

எதை மறுக்கணும்னு எப்படி தெரியும்?

ஆர்மி ஆக்ட் 1950ல பிரிவு 41 மேலதிகாரி கட்டளையை மீறுறதைப் பத்தினது, வேணும்னே எதிர்த்து நின்னா 14 வருஷம் வரைக்கும் போகும். அவ்வளவு கடுமையான அந்தப் பிரிவுலயே 'சட்டப்படியான கட்டளை'ன்னுதான் போட்டிருக்கு. வெறும் கட்டளைன்னு போடல. அந்த ஒரு வார்த்தைதான் இந்த விஷயத்துக்கே அஸ்திவாரம். அதே மாதிரி பழைய ஐபிசி (இந்திய தண்டனைச் சட்டம்) 76, இப்போ அதுக்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதால பிரிவு 14, அதுல ஒரு உதாரணம் இருக்கு: மேலதிகாரி உத்தரவுப்படி, சட்டம் சொன்ன முறைப்படி, கூட்டத்து மேல சுட்ட சிப்பாய் குற்றவாளி இல்ல. இதைப் பாதி மட்டும் படிச்சிட்டு "பாத்தியா, உத்தரவு இருந்தா போதும்"னு சொல்றவங்க நிறைய. உத்தரவு இருந்தா மட்டும் போதாது, சட்டம் சொன்ன முறையும் இருக்கணும், ரெண்டும் சேர்ந்தாதான் அந்தப் பாதுகாப்பு.

சரி, வக்கீல் இல்லாத ஒரு ஏட்டு, ஒரு ஜவான் எப்படி கண்டுபிடிப்பான்? இதுக்கு நான் பாத்ததுலயே தெளிவான பதில் ஒரு இஸ்ரேல் கோர்ட்டு சொன்னது. 1956 அக்டோபர் 29, கஃபர் காசிம்னு ஒரு அரபு கிராமம். சாயங்காலம் 5 மணிக்கு மேல வெளிய யாரும் இருக்கக் கூடாதுன்னு ஊரடங்கு, மீறினா சுடுன்னு உத்தரவு. அந்த ஊரடங்கை ஊர்த் தலைவர்கிட்ட சொன்னதே அரை மணி நேரத்துக்கு முன்னாடிதான். அவர் சொல்லிருக்காரு, வயல்லயும் வெளியூர்லயும் வேலைக்குப் போனவங்களுக்கு இது தெரியாது, அவங்க வீட்டுக்கு வந்துட்டு இருப்பாங்கன்னு. எல்லைக் காவல் படை ஆளுங்க நின்னாங்க, சைக்கிள்லயும் லாரிலயும் வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்தவங்களை இறக்கி நிக்க வச்சு சுட்டாங்க. பொம்பளைங்க, பிள்ளைங்க உட்பட கிட்டத்தட்ட 50 பேர். அதே உத்தரவு பக்கத்து கிராமங்களுக்கும் போச்சு, ஆனா அங்க இருந்தவங்க பெரும்பாலும் சுடல, தாமதமா வந்தவங்களை வீட்டுக்கு அனுப்பி விட்டாங்க. கேஸ் நடந்தப்போ நீதிபதி பெஞ்சமின் ஹலேவி சொன்னது இதான்: வெளிப்படையா சட்டவிரோதமான உத்தரவு மேல ஒரு கருப்புக் கொடி பறந்துக்கிட்டே இருக்கும், அதைப் பாக்க சட்டப் புத்தகம் வேணாம், கண்ணு குருடா இல்லாம மனசு கல்லா இல்லாம இருந்தா போதும்.

இதை வச்சு நான் ஆர்டர்களை மூணா பிரிச்சுக்குவேன். பிடிக்காத ஆர்டர்: செய். சந்தேகமான ஆர்டர், அதாவது விதிப்படி சரியான்னு புரியல, யாருக்கும் உடனே உயிர் போகாது: எழுத்துல கேளு. கருப்புக் கொடி பறக்கிற ஆர்டர், அதாவது கைல ஆயுதம் இல்லாதவங்களை சுடு, லாக்கப்ல இருக்கிறவனை அடி, பொய் சாட்சி ஜோடி: அங்கேயே அப்பவே "முடியாது". நம்ம சுப்ரீம் கோர்ட்டும் 2011ல பிரகாஷ் கதம் வழக்குல போலி என்கவுன்டர் பத்தி இதையேதான் சொல்லுச்சு, மேலதிகாரி சொன்னாருன்னு சொல்லி எந்த போலீஸ்காரரும் தப்பிக்க முடியாது, ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் நியூரம்பர்க்ல நடந்த விசாரணைல நாஜிகள் சொன்ன அதே சாக்கும் அங்க எடுபடலன்னு.

கோடு முன்னாடியே போட்டு வச்சுக்கோங்க

அந்த நிமிஷத்துல யோசிச்சு முடிவெடுத்துக்கலாம்னு நினைக்காதீங்க. அந்த நிமிஷத்துல சத்தம் இருக்கும், பயம் இருக்கும், பக்கத்துல இருக்கிற நாலு பேரும் செஞ்சிட்டு இருப்பாங்க. 1961ல அமெரிக்கால யேல் பல்கலைக்கழகத்துல ஸ்டான்லி மில்கிராம் ஒரு சோதனை பண்ணாரு. சாதாரண ஆளுங்க 40 பேரைக் கூட்டிட்டு வந்து, அடுத்த ரூம்ல இருக்கிறவர் தப்பா பதில் சொன்னா கரண்ட் ஷாக் குடுன்னு சொன்னாரு (நிஜமா ஷாக் கிடையாது, அவங்களுக்கு அது தெரியாது). 40ல 26 பேர் கடைசி 450 வோல்ட் வரைக்கும் போனாங்க. இதுல எல்லாரும் அந்த 26ஐத்தான் பேசுவாங்க, எனக்கு முக்கியமாப் படுறது அந்த மெஷின்ல ஒவ்வொரு ஸ்விட்சும் 15 வோல்ட்தான் கூடும்ங்கிறது. எடுத்ததுமே 450 அழுத்துன்னா எத்தனை பேர் அழுத்திருப்பாங்க? 15, 30, 45ன்னு போனதால எந்த இடத்துல நிறுத்தணும்னே தெரியல.

ஆபீஸ்லயும் ஸ்டேஷன்லயும் அப்படித்தான் நடக்கும். முதல்ல "தேதி மட்டும் முந்தின நாள் போடு". அப்புறம் "அவர் ஊர்ல இல்ல, கையெழுத்து நீயே போட்டுரு". ரெண்டு வருஷம் கழிச்சு ஒருநாள் பெரிய பொய்ல உங்க கையெழுத்து கேக்கும்போது மறுக்க வாய் வராது, ஏன்னா பழைய ஃபைல் எல்லாம் அவங்க கைல இருக்கு. அதனால வேலைல சேந்த முதல் மாசமே ஒரு ராத்திரி உக்காந்து நாலு விஷயம் முடிவு பண்ணிக்கோங்க, இந்த நாலு மட்டும் என்ன ஆனாலும் செய்ய மாட்டேன்னு. என் லிஸ்ட்ல முதல் ஐட்டம், பாக்காததை பாத்தேன்னு எழுத மாட்டேன்.

எழுத்துல கேக்குறது எப்படி

நான் ஒரு அரசு ஆபீஸ்ல ரொம்ப வருஷம் இருந்தேன், எந்த ஆபீஸ்னு சொல்லல. ஒரு மழைக்காலம், வெள்ள நிவாரணப் பட்டியல், 42 பேர். சாயங்காலம் 4 மணிக்கு மேலதிகாரி கூப்பிட்டு பட்டியலை மேஜைல வச்சாரு. "42 வீடும் நேர்ல பாத்து சேதத்தை ஆய்வு பண்ணேன்னு எழுதி கையெழுத்து போட்டுக் குடுப்பா, 6 மணிக்குள்ள போகணும்." நான் பாத்தது 11 வீடு. பட்டியல்ல நாலஞ்சு பேர் மாடி வீட்டுக்காரங்கன்னு எனக்கே தெரியும்.

"சார், 11தான் பாத்திருக்கேன்."

"தெரியும்பா. அவசரம். எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க. என்னைய நம்பலையா?"

"நம்புறேன் சார். ஆனா நான் பாத்தேன்னு எழுதச் சொல்றீங்க, நான் பாக்கல சார்."

அவர் பேனாவை மூடிட்டு ஜன்னலைப் பாத்தாரு. நான் என் சீட்டுக்கு வந்து கை நடுங்க நடுங்க எழுதினது இன்னும் ஞாபகம் இருக்கு: "மதிப்பிற்குரிய ஐயா, பட்டியலில் உள்ள 42 நபர்களில் 11 பேரின் வீடுகளை மட்டும் இதுவரை நேரில் பார்வையிட்டுள்ளேன். இன்று மாலை 4 மணிக்கு, அனைத்து வீடுகளையும் பார்வையிட்டதாக அறிக்கை அளிக்குமாறு தாங்கள் வாய்மொழியாகத் தெரிவித்தீர்கள். இதற்கான எழுத்துப்பூர்வ உத்தரவை வழங்குமாறும், மீதமுள்ள வீடுகளைப் பார்வையிட நாளை மதியம் வரை அவகாசம் அளிக்குமாறும் பணிந்து கேட்டுக்கொள்கிறேன். தங்கள் கீழ்ப்படிதலுள்ள..." அந்தக் கடைசி வரியை எல்லா லெட்டர்லயும் பழக்கத்துக்கு எழுதுவேன், அன்னைக்கு நிஜமாவே நினைச்சு எழுதினேன். அவர் பதவிக்கும் அந்த வேலைக்கும் நான் கீழ்ப்படிஞ்சுதான் இருந்தேன், அதனாலதான் பொய் எழுத முடியல.

அந்த லெட்டரை நல்லா பாருங்க, அதுல யாரையும் திட்டல, ஊழல்னு ஒரு வார்த்தை இல்ல, மாடி வீட்டுக்காரங்களைப் பத்திக்கூட எழுதல. நடந்தது என்ன, சொன்னது யாரு, எத்தனை மணிக்கு, எனக்கு என்ன வேணும், அவ்வளவுதான். கோபத்தை எழுதினா உங்க கோபத்தைத்தான் விசாரிப்பாங்க, ஃபைலை விசாரிக்க மாட்டாங்க. அப்புறம் வேலையை மறுக்காதீங்க, பொய்யை மட்டும் மறுங்க. நாளைக்கு மதியத்துக்குள்ள பாத்துத் தர்றேன்னு நேர்மையான வழி ஒண்ணை நீங்களே கையில குடுத்துட்டா அவருக்கும் இறங்கி வர இடம் கிடைக்கும். தபால்ல குடுத்து நம்பர் வாங்குங்க, ஒரு காப்பி வீட்டுக்கு எடுத்துட்டு போங்க.

இது ஏதோ அதிகப்பிரசங்கித்தனம்னு நினைக்க வேணாம். மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1964, விதி 3லயே இருக்கு, மேலதிகாரி உத்தரவு சாதாரணமா எழுத்துல இருக்கணும், வாயால சொல்ல வேண்டி வந்தா உடனே எழுதி உறுதிப்படுத்தணும், கீழ இருக்கிறவர் அதைக் கேட்டு வாங்கணும்னு. ஐஏஎஸ், ஐபிஎஸ் ஆபீசர்களுக்கான 1968 விதிலயும் இருக்கு. 2013ல டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் வழக்குல (தஞ்சாவூர்க்காரர், கேபினட் செயலாளரா இருந்தவர்) சுப்ரீம் கோர்ட்டு வாய்மொழி உத்தரவை வச்சு வேலை செய்யாதீங்க, பதிவு பண்ணுங்கன்னு தெளிவா சொல்லிடுச்சு. என் அனுபவத்துல, எழுத்துல குடுங்க சார்னு கேட்டா பத்துக்கு ஏழு தப்பான ஆர்டர் அங்கேயே செத்துடும். எழுதிக் குடுக்க முடியாத ஆர்டர்னு அவருக்கே தெரியும்.

ஸ்டேஷன்ல இருக்கிறவங்களுக்கு

எழுத்துல கேக்க நேரம் இல்லாத இடம் இது. ராத்திரி ரெண்டு மணிக்கு ரூமுக்குள்ள கூப்பிட்டு கைல லத்தியைக் குடுத்தா லெட்டர் எழுத முடியாது. அங்க சொல்ல வேண்டியது ஒரே வரி, "ஐயா, நான் இதை செய்ய மாட்டேங்கய்யா, வேற டூட்டி குடுங்க." சத்தமா வேணாம், விளக்கம் வேணாம், திரும்பத் திரும்ப அதே வரி. உங்களுக்கு பாராவோ (ஸ்டேஷன் காவல் டூட்டி) ரைட்டர் வேலையோ இருந்தா ஜிடில (ஸ்டேஷன் பொது நாட்குறிப்பு) நேரத்தை நிஜமா எழுதுங்க, ஆள் வந்த நேரம், காயம் இருந்துச்சா, டாக்டர்கிட்ட போன நேரம். மெமோ வரலாம், 3பி (பெரிய ஒழுங்கு நடவடிக்கை) கூட வரலாம். பதில் எழுதிக்கலாம். கொலை வழக்குல ஏ5, ஏ6ன்னு குற்றம் சாட்டப்பட்டவங்க வரிசைல நிக்கிறப்போ எழுத ஒண்ணும் இருக்காது.

சாத்தான்குளத்துல 2020 ஜூன் 19 ராத்திரி அப்பாவையும் மகனையும் ஸ்டேஷன்ல வச்சு அடிச்சாங்க, ரெண்டு பேரும் அடுத்தடுத்து செத்துப் போனாங்க, நம்ம எல்லாருக்கும் தெரியும். அந்த விஷயம் வெளிய வந்ததுல பெரிய பங்கு அங்க டூட்டில இருந்த ஒரு பெண் தலைமைக் காவலருக்கு. விசாரிக்க வந்த மாஜிஸ்திரேட்கிட்ட, வெளிய கூட வேலை பாக்குறவங்க நிக்கிறப்போ, பயந்துக்கிட்டேதான் சொன்னாங்க, விடிய விடிய அடிச்சாங்க, லத்திலயும் மேஜைலயும் ரத்தக் கறை இருக்குன்னு. பயம் போனதுக்கு அப்புறம் பேசலாம்னு அவங்க காத்திருந்தா அந்தக் கறையை அதுக்குள்ள கழுவியிருப்பாங்க.

யூனிட்ல இருக்கிற தம்பிகளுக்கு

இங்க ரொம்ப கவனமா படிங்க. மறுக்கிறதுன்னா தனியா மறுக்கணும், உங்க பேர்ல, உங்க வாயால. நாலு பேரைச் சேத்துக்கிட்டு "யாரும் செய்யாதீங்கடா"ன்னு பேசினா அது ஆர்மி ஆக்ட் பிரிவு 37, கலகம், அதுக்கு மரண தண்டனை வரைக்கும் இருக்கு. சாப்பாடு சரியில்ல, லீவு தரல, ஆபீசர் கேவலமாப் பேசுறாருன்னா அதுக்கு புகார் குடுக்க ஆக்ட்லயே வழி இருக்கு, அந்த வழில போங்க. ஆர்டர் புரியலன்னா திரும்பச் சொல்லச் சொல்லுங்க, "சாப், ஆயுதம் இல்லாத சிவிலியன் மேல சுடச் சொல்றீங்களா?"ன்னு கேட்டா, சொன்னவர் தன் ஆர்டரைத் தானே ஒரு தடவை காதால கேப்பாரு. பல பேர் அதுக்கே மாத்திக்குவாங்க.

1968 மார்ச் 16, வியட்நாம்ல மை லாய் கிராமத்துல அமெரிக்கப் படை சுட்டுக்கிட்டே போகுது. மேல ஹெலிகாப்டர்ல இருந்த ஹ்யூ தாம்சன் முதல்ல இறங்கி ஆபீசர்கிட்ட கேட்டாரு, அப்புறம் தப்பி ஓடுற ஜனங்களுக்கும் துரத்துற சிப்பாய்களுக்கும் நடுவுல ஹெலிகாப்டரை இறக்கினாரு. தன்னோட ரெண்டு ஆளுங்ககிட்ட, அவங்க இந்த ஜனங்களை சுட்டா நீங்க அவங்களை சுடுங்கன்னு சொல்லிட்டு ஆயுதத்தை நீட்டாம பதுங்கு குழி பக்கம் நடந்தாரு. பத்து பேர் மாதிரி காப்பாத்தினாரு, பிணக் குவியலுக்கு நடுவுல இருந்து ஒரு குழந்தையை எடுத்தாங்க. கையோட மேலதிகாரிகள்கிட்ட ரிப்போர்ட் பண்ணாரு. அதாவது கீழ்ப்படிய வேண்டிய சிஸ்டத்தை விட்டு வெளிய ஓடல, அதுக்குள்ளேயே மேல போய் நிறுத்தினாரு. இதுக்காக அவருக்கு சோல்ஜர்ஸ் மெடல்னு பதக்கம் குடுக்க 1998 ஆச்சு, அதுக்கு முன்னாடி துரோகின்னு ஏச்சுதான் நிறைய.

விலை இன்னும் பெருசா இருந்த கதை நம்ம பக்கமே உண்டு. 1930 ஏப்ரல் 23, பெஷாவர்ல கிஸ்ஸா குவானி பஜார், கைல எதுவும் இல்லாத பட்டான்கள் கூட்டம், கர்வால் ரைஃபிள்ஸ் படைக்கு சுடச் சொல்லி உத்தரவு. ஹவில்தார் சந்திர சிங் கர்வாலியும் அவர் ஆளுங்களும் சுடல. அவருக்கு ஆயுள் தண்டனை, சொத்து பறிமுதல், 11 வருஷத்துக்கு மேல சிறைல கழிச்சு 1941லதான் வெளிய வந்தாரு. அன்னைக்கு இருந்த சட்டம் அவரைக் காப்பாத்தல. இதை மறைச்சு உங்ககிட்ட தைரியம் சொல்ல எனக்கு இஷ்டம் இல்ல, சில சமயம் முழு விலையும் குடுக்க வேண்டி வரும்.

யூனிஃபார்ம் இல்லாத நமக்கு

சாதாரண ஜனம் மீறுறதுக்கு நல்ல பாடம் 1917 ஏப்ரல், சம்பாரண். மாவட்டத்தை விட்டுப் போன்னு காந்திக்கு உத்தரவு, அவர் போகல. கோர்ட்டுல என்ன பண்ணாரு? மீறினேன்னு ஒத்துக்கிட்டாரு, தண்டனை குடுங்கன்னாரு, சட்டத்து மேல மரியாதை இல்லாம பண்ணல, மனசாட்சிக்கு கீழ்ப்படிஞ்சு பண்ணேன்னாரு. கேஸையே வாபஸ் வாங்கிட்டாங்க. 1930ல ராஜாஜி திருச்சில இருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தப்போ தஞ்சாவூர் கலெக்டர் தார்ன், இவங்களுக்கு சோறு போட்டா ஜெயில்னு அறிவிச்சாரு. ஜனங்க சோத்தைக் கட்டி வழில மரக்கிளைல தொங்க விட்டாங்க. யாரையும் அடிக்கல, எதையும் உடைக்கல. 1985ல கேரளாவுல மூணு பிள்ளைங்க தேசிய கீதத்துக்கு மரியாதையா எழுந்து நின்னாங்க, மத நம்பிக்கையால பாட மட்டும் இல்ல, ஸ்கூல்ல இருந்து அனுப்பிட்டாங்க, 1986ல சுப்ரீம் கோர்ட்டு திரும்பச் சேக்கச் சொன்னுச்சு.

நீங்களும் அப்படித்தான் பண்ணணும், முகத்தைக் காட்டி, எந்த ஒண்ணை மீறுறோமோ அதை மட்டும் மீறி, மத்த எல்லா சட்டத்தையும் ஒழுங்கா மதிச்சு. தடை உத்தரவை மீறினா பாரதிய நியாய சன்ஹிதா 223, பழைய 188, சாதாரணமா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லன்னா அபராதம், இல்லன்னா ரெண்டும். போறதுக்கு முன்னாடி அந்த உத்தரவோட காப்பியைப் படிங்க, யாரு போட்டது, எத்தனை நாளைக்கு, எந்த ஏரியான்னு.

மறுத்ததுக்கு அப்புறம்

அன்னைக்கு ராத்திரியே வீட்டுல சொல்லிடுங்க. நான் சொல்லல, மூணாவது நாள் வேற யாரோ சொல்லி என் வீட்டம்மாவுக்குத் தெரிஞ்சப்போ அவங்க அழுதது மெமோவுக்காக இல்ல, சொல்லாம விட்டதுக்காக. அப்புறம் மூணு மாச செலவுக்கு காசு தனியா இருக்கட்டும், லோன் கட்ட முடியாம இருக்கிறவனை மிரட்டுறது சுலபம். 17ஏ (ஒழுங்கு நடவடிக்கை நோட்டீஸ்) வந்தா குடுத்த நாளைக்குள்ள பதில் குடுங்க, ரெண்டு பக்கத்துக்கு மேல வேணாம். எனக்கு வந்துச்சு, எட்டு மாசம் இழுத்து அப்புறம் கைவிட்டாங்க, அதுக்குள்ள டிரான்ஸ்ஃபரும் வந்துச்சு. அந்த 42ல கடைசியா பணம் போனது 29 பேருக்கு, மீதி 13 வீட்டுல தண்ணியே ஏறல.

நீங்க மறுத்தவர் இல்ல, மறுத்தவருக்கு அடுத்த சீட்ல இருக்கிறவர்னு வைங்க. உங்களுக்கும் ஒரு வேலை இருக்கு. மில்கிராமோட இன்னொரு சோதனைல கூட இருக்கிற ரெண்டு பேர் முன்னாடியே எழுந்து முடியாதுன்னுட்டாங்க, அப்போ 40ல 4 பேர்தான் கடைசி வரைக்கும் போனாங்க. பெருசா எதுவும் செய்ய வேணாம், ஒதுங்கிப் போகாம இருங்க. எனக்கு அந்த வாரம் மதியச் சாப்பாட்டுக்கு எந்த மேஜைலயும் இடம் இல்ல, நான் போனா பேச்சு நின்னுடும். நாலாவது நாள் ஆபீஸ் அசிஸ்டென்ட் அக்கா ஒருத்தங்க, ரிட்டயர்மென்ட்டுக்கு ஒரு வருஷம் இருந்தவங்க, தன் தூக்குவாளியை எடுத்துட்டு வந்து என் எதிர்ல உக்காந்தாங்க. லெட்டரைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. கருவாட்டுக் குழம்பு சாப்பிடுவீங்களா சார்னு மட்டும் கேட்டாங்க.